எதிர்க்கட்சி செனட்டர் ஒவ்வொரு வாரமும் தோற்கிறார், அவர் பேச்சை ஏன் படிக்க வேண்டும்? (அயர்லாந்து மேலவை)

மல்லிகா, டப்ளின்:

எல்லோருக்கும் வணக்கம். நான் டப்ளினில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு உதவியாளராக இருக்கிறேன். என் பொறுப்பில் உள்ள ஒரு அம்மாவுக்கு வயது 86. தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் இல்லத்தில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கண் பார்வை மங்கிவிட்டது, காது கூர்மை. மதியத் தேநீருக்குப் பிறகு எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். அப்போது ஏதாவது வாசித்துக் காட்டுவேன்.

அவர் நாவல் கேட்பதில்லை, பேப்பரும் வேண்டாம் என்பார். செனட்டில் தனக்குப் பிடித்த ஒரு எதிர்க்கட்சிப் பெண் உறுப்பினர் அந்த வாரம் என்ன பேசினார் என்பது மட்டும்தான் வேண்டும். நாடாளுமன்ற இணையதளத்தில் அந்த உறுப்பினரின் பக்கத்துக்குப் போனால் அவர் பேசியதெல்லாம் தேதி வாரியாக இருக்கிறது. போனில் திறந்து வாசிப்பேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். நடுவில் கையை உயர்த்தி, 'அமைச்சர் சொன்னதைத் திரும்பப் படி' என்பார்.

ஆறு மாதமாக வாசிக்கிறேன், எனக்குப் புரியாதது இதுதான். அந்த செனட்டர் கொண்டுவரும் திருத்தம் ஒன்றுகூட நிறைவேறி நான் பார்த்ததில்லை. சிலது 'ஒழுங்குக்கு மாறானது' என்று பேச விடாமலே தள்ளப்படுகிறது. சிலதை அவரே 'அனுமதியுடன் திரும்பப் பெறுகிறேன்' என்று விட்டுவிடுகிறார். வாக்கெடுப்புக்குப் போனவை எல்லாமே தோல்வி. அதைவிட, பாதித் திருத்தங்கள் 'அமைச்சர் இத்தனை மாதத்துக்குள் ஓர் அறிக்கை வைக்க வேண்டும்' என்றுதான் இருக்கின்றன. வீட்டு வாடகை பற்றிய மசோதாவிலும் அறிக்கை, பராமரிப்பாளர்கள் பற்றிய மசோதாவிலும் அறிக்கை. நேரடியாக இதைச் செய் என்று ஏன் கேட்கக் கூடாது?

டீச்சரிடம் கேட்டேன். 'தொடர்ந்து வாசி, தெரியும்' என்று மட்டும் சொன்னார். இந்த நாட்டு அரசியல் தெரிந்தவர்கள் யாராவது விளக்க முடியுமா?

---

தட்டச்சு ராஜன்:

வணக்கம் மல்லிகா. நான் 2003-இலிருந்து டப்ளினில் இருக்கிறேன். விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவதுதான் என் தொழில். அதனால் பதிவேடு என்றாலே எனக்குத் தனிப் பற்று. செனட் பதிவுகளைப் பல வருடமாகப் படிக்கிறேன். நீங்கள் தோல்வி என்று எழுதியிருப்பதில் பாதி தோல்வியே இல்லை.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். செனட்டில் 60 பேர். 43 பேரைத் தேர்ந்தெடுப்பது நகர, மாவட்ட கவுன்சிலர்களும் இரு அவைகளின் உறுப்பினர்களும். 6 பேர் பட்டதாரிகளின் வாக்கில் வருகிறார்கள். மீதி 11 பேரைப் பிரதமரே நியமிக்கிறார். அந்த 11 எதற்கு என்று கேட்டால், அரசுக்கு அவையில் பெரும்பான்மை இருக்க வேண்டும் என்பதற்குத்தான். எனவே எதிர்க்கட்சி செனட்டர் எழுந்து நிற்கும்போதே எண்ணிக்கை அவருக்கு எதிராகத்தான் இருக்கும். அது அவருக்கும் தெரியும்.

அடுத்து அந்த அறிக்கை விஷயம். அரசுக்குச் செலவு வைக்கக்கூடிய எந்தத் திருத்தத்தையும் ஒரு சாதாரண செனட்டர் கொண்டுவர முடியாது. பராமரிப்பாளருக்குக் கூடுதல் உதவித்தொகை கொடு என்று எழுதினால், வருவாயின் மீது சுமை என்று சொல்லி அவைத் தலைவர் அதை விவாதத்துக்கே எடுக்க மாட்டார். நீங்கள் பார்த்த 'ஒழுங்குக்கு மாறானது' பெரும்பாலும் இதுதான். எனவே அனுபவமுள்ளவர்கள் என்ன செய்கிறார்கள்? 'உதவித்தொகையை உயர்த்தினால் என்ன பலன் என்று ஆராய்ந்து, அமைச்சர் ஆறு மாதத்துக்குள் இரு அவைகளிலும் அறிக்கை வைக்க வேண்டும்' என்று எழுதுகிறார்கள். அறிக்கை கேட்பது செலவாகக் கருதப்படுவதில்லை. அந்த ஒரு வரியை வாசலாக வைத்துக்கொண்டு, உதவித்தொகை ஏன் போதவில்லை என்று முழுதாகப் பேசிவிடலாம். அமைச்சரும் பதில் சொல்லியாக வேண்டும். அந்த செனட்டர் நேரடியாகக் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள், கேட்க அவருக்கு இருக்கும் ஒரே வழி அது.

திரும்பப் பெறுவதும் அப்படித்தான். மசோதாவைப் பிரிவு பிரிவாக ஆராயும் குழு நிலையில் ஒரு திருத்தத்தின் மேல் எத்தனை முறை வேண்டுமானாலும் எழுந்து பேசலாம், அமைச்சரை மடக்கி மடக்கிக் கேட்கலாம். அடுத்த கட்டமான அறிக்கை நிலையில் (இது கட்டத்தின் பெயர், மேலே சொன்ன அறிக்கை வேறு) அந்தச் சுதந்திரம் இல்லை. அங்கே திருத்தத்தை வழிமொழிய இன்னொருவரும் வேண்டும். அதனால் குழு நிலையில் நன்றாகக் கிளறிவிட்டு, 'அறிக்கை நிலையில் மீண்டும் கொண்டுவரும் உரிமையை வைத்துக்கொண்டு இப்போது திரும்பப் பெறுகிறேன்' என்பார்கள். அதற்கு முந்தைய பத்தியைப் பாருங்கள். அமைச்சர் 'இதைப் பரிசீலிக்கிறேன்', 'அதிகாரிகளிடம் பேசுகிறேன்' என்று ஏதாவது சொல்லியிருப்பார். அந்தச் சொல்லை வாங்கத்தான் இவ்வளவும். உங்கள் டீச்சர் அமைச்சர் பேச்சைத் திரும்பப் படிக்கச் சொல்கிறார் பாருங்கள், அவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்திருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் நாடாளுமன்றக் கட்டடமான லென்ஸ்டர் ஹவுஸில் பார்வையாளர் மாடத்தில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். குழு நிலை விவாதம். அவையில் எண்ணி ஏழு பேர். ஒரு எதிர்க்கட்சி செனட்டர் முன்னால் கற்றைத் தாள்கள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் ஒட்டுச்சீட்டு. அவர் ஒரு கேள்வி கேட்டார். அமைச்சர் கோப்பிலிருந்து வாசித்தார். செனட்டர் தாளைப் புரட்டி, கேட்டதற்குப் பதில் வரவில்லை என்று மறுபடி எழுந்தார். மூன்றாவது முறை அமைச்சர் கோப்பை மூடிவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் திரும்பி ஏதோ கேட்டார். பிறகு தன் வாயால் ஒரு பதில் சொன்னார். கோப்பில் இல்லாத பதில். அப்புறம் வாக்கெடுப்பு மணி அடித்தது, வெளியிலிருந்து உறுப்பினர்கள் வந்தார்கள், திருத்தம் தோற்றது. வீட்டுக்கு வந்து மறுநாள் பதிவைத் திறந்தால் அந்த மூன்றாவது பதில் அங்கே இருக்கிறது, சொல்லுக்குச் சொல். இனி யாரும் அதை இல்லை என்று சொல்ல முடியாது. எழுத்தாக்கும் தொழிலில் இருப்பவனுக்கு அது சாதாரண விஷயமாகத் தெரியாது.

---

செல்வகுமார், கார்க்:

ராஜன் அண்ணன் சொன்ன விதிமுறை எல்லாம் சரி. ஆனால் நான் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இந்த செனட்டே வேண்டாம் என்று 2013 அக்டோபரில் மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தார்கள். 51.7 சதவீதம் பேர் இருக்கட்டும் என்றதால் தப்பியது. மயிரிழைதான். ஏன் அந்த நிலை வந்தது? நான் 18 வருடமாக இங்கே வரி கட்டுகிறேன், குடியுரிமையும் வாங்கிவிட்டேன், செனட் தேர்தலில் எனக்கு வாக்கு இல்லை. கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், பிரதமர் நியமிக்கிறார். அவர்கள் ஒரு மசோதாவை 90 நாள் தள்ளிப்போடலாம், பண மசோதா என்றால் 21 நாளில் கருத்துச் சொல்லலாம், அவ்வளவுதான் அதிகாரம்.

அமைச்சர் சொன்னது பதிவில் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கட்டும். வாடகை கட்ட முடியாமல் நிற்பவனுக்குப் பதிவேடு என்ன செய்யும்? பேச்சால் சோறு வேகுமா அண்ணா? உண்மையாகவே கேட்கிறேன், ஒரு எதிர்க்கட்சி செனட்டர் பேசி எதுவாவது மாறியிருக்கிறதா?

---

தட்டச்சு ராஜன்:

நியாயமான கேள்வி செல்வா. வாக்கு இல்லை என்ற வருத்தம் எனக்கும் உண்டு. பட்டதாரி இடங்களில்கூட இரண்டு பழைய பல்கலைக்கழகங்களுக்கு மட்டும்தான் உரிமை இருந்தது. மற்றவர்களுக்கும் அதை விரிவாக்கலாம் என்று மக்கள் 1979-இலேயே வாக்களித்தும், உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பு சொன்ன பிறகுதான் 2024-இல் சட்டம் வந்தது. அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

மாறியதா என்று கேட்டீர்கள். மூன்று பேரைச் சொல்கிறேன்.

மேரி ராபின்சன். 1969-இல் 25 வயதில் சுயேச்சையாக செனட்டுக்கு வந்தவர். கருத்தடைச் சாதனங்களை விற்பதும் நாட்டுக்குள் கொண்டுவருவதும் 1935-ஆம் வருடச் சட்டப்படி குற்றமாக இருந்தது. 1971-இல் அதை மாற்ற இன்னும் இரண்டு செனட்டர்களோடு ஒரு மசோதா கொண்டுவந்தார். டப்ளின் பேராயர் அதற்கு எதிராக எழுதிய கடிதத்தைத் தேவாலயங்களில் வாசித்தார்கள். செனட் என்ன செய்தது தெரியுமா? முதல் வாசிப்புக்கே அனுமதி மறுத்தது. மசோதாவின் வாசகம் அச்சேறவே இல்லை. ஆனால் மறுத்த அன்று நடந்த விவாதம் அச்சில் இருக்கிறது, இன்றைக்கும் படிக்கலாம். அவர் விடவில்லை, மறுபடி மசோதா கொண்டுவந்தார். 1973 டிசம்பரில் நாலு பிள்ளைகளின் தாய் ஒருவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இறக்குமதித் தடையைத் தள்ளியது. 1974-இல் அரசே ஒரு மசோதா கொண்டுவந்தது, அதைப் பிரதமர் காஸ்கிரேவே எதிர்த்து வாக்களித்துத் தோற்கடித்தார். 1979-இல் மருத்துவர் சீட்டோடு வாங்கலாம் என்று சட்டம் வந்தது. 1985-இல் சீட்டு இல்லாமலே ஆணுறை வாங்கலாம் என்றானது. 1971-இல் வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்ட அந்தப் பெண்ணை 1990-இல் நாடே குடியரசுத் தலைவராக்கியது.

இரண்டாவது ஆள் சர் ஜான் கீன். 1942. கார்க் பக்கம் மலைக்கிராமத்தில் வாழ்ந்த ஒரு கிழத் தையற்காரரும் அவர் மனைவியும் பேசிய கதைகளை ஒருவர் புத்தகமாக்கினார். ஆபாசம் என்று தணிக்கைக் குழு தடை செய்தது. கீன் செனட்டில் தணிக்கைக் குழுவின் மேல் தீர்மானம் கொண்டுவந்து, எது ஆபாசம் என்று நீங்களே கேளுங்கள் என்று பகுதி பகுதியாக வாசித்தார். பதிவேட்டில் அந்த இடங்களில் வாசித்த வரிகள் இல்லை. 'செனட்டர் புத்தகத்திலிருந்து மேற்கோள் காட்டினார்' என்ற குறிப்பு மட்டும் இருக்கிறது. என் தொழிலில் நான் பார்த்த பதிவுகளிலேயே என்னை அதிகம் தொந்தரவு செய்த குறிப்பு அது. தீர்மானம் படுதோல்வி. அந்தத் தையற்காரரை அவர் வீட்டு அடுப்பிலேயே அந்தப் புத்தகத்தை எரிக்க வைத்தார்கள் பாதிரியார்கள். ஆனால் வரியை வெட்டியவர்களால் வெட்டினோம் என்ற தடயத்தை வெட்ட முடியவில்லை. இன்றைக்கு அந்தத் தணிக்கையின் கொடுமையை விளக்க வேறு சாட்சியே வேண்டாம்.

மூன்றாவது, ஓவன் ஷீஹி ஸ்கெஃபிங்டன். டிரினிட்டி கல்லூரியில் பிரெஞ்சு கற்பித்தவர். அவர் தந்தையை 1916-இல் பிரிட்டிஷ் படையினர் விசாரணையே இல்லாமல் சுட்டுக் கொன்றார்கள். இவர் 1954-இல் செனட்டுக்கு வந்தார். பள்ளிகளில் பிள்ளைகளை அடிப்பதைப் பற்றி யாரும் பேசாத காலத்தில் பேசினார். அவர் வாதம் எளிமையானது. பாடம் தெரியவில்லை என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளையை அடிக்கக் கூடாது என்று கல்வித் துறையின் விதியே சொல்கிறது, ஆனால் பள்ளிகளில் அதற்குத்தான் அடிக்கிறார்கள், துறை ஏன் சும்மா இருக்கிறது என்று கேட்டார். அரசு அசையவில்லை. 1961-இல் தொகுதியையும் இழந்தார், 1965-இல் திரும்ப வந்தார், 1970-இல் இறந்துபோனார். பள்ளியில் அடி 1982-இல்தான் தடை செய்யப்பட்டது. அடிப்பது குற்றம் என்று சட்டமானது 1997-இல். அவர் எதையும் பார்க்கவில்லை.

சோறு வெந்ததா என்றால், அவர் உயிரோடு இருந்தவரை வேகவில்லை. ஆனால் அடுப்பு மூட்டியது யார் என்று தேடினால் அந்தப் பக்கங்களுக்குத்தான் போக வேண்டும்.

எண்ணிக்கையே கூடிவந்த சமயமும் உண்டு. 2018-இல் சிறுபான்மை அரசு. பாலஸ்தீனம் போன்ற ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிகளில் அமைக்கப்பட்ட குடியேற்றங்களோடு வணிகத்தைத் தடுக்கும் மசோதாவைச் சுயேச்சை செனட்டர் பிரான்சிஸ் பிளாக் கொண்டுவந்தார். அரசு எதிர்த்தும் ஜூலையில் 25-க்கு 20 என்று வென்றார். அப்போது லென்ஸ்டர் ஹவுஸில் பழுது பார்த்துக்கொண்டிருந்ததால் செனட் பக்கத்து அருங்காட்சியகத்தில், பீங்கான் அறையில் கூடிக்கொண்டிருந்தது. அந்த மசோதா பிறகு கீழவையில் ஆண்டுக்கணக்கில் முடங்கியது. ஆனால் 2025-இல் அரசு தன் பெயரில் அதே பொருளில் ஒரு வரைவு வெளியிட வேண்டியதாயிற்று.

---

தேவி, கால்வே:

ராஜன் சார் பெரிய விஷயங்களைச் சொல்லிவிட்டார். நான் நூலகத்தில் வேலை செய்பவள், படிக்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

மல்லிகா, மசோதா விவாதத்தோடு நிறுத்தாதீர்கள். அமர்வின் தொடக்கத்தில் தனித்தனி செனட்டர்கள் ஒரே ஒரு பொருளை எடுத்துச் சில நிமிடம் பேசுவார்கள். ஒரு ஊர் மருத்துவமனை, ஒரு பள்ளிக் கட்டடம், ஒரு பேருந்துத் தடம். அதற்கு அரசுத் தரப்பில் ஒருவர் நேரில் வந்து பதில் சொல்ல வேண்டும். பெரும்பாலும் துணை அமைச்சர் வந்து துறை எழுதிக் கொடுத்ததை வாசிப்பார். சலிப்பாக இருக்கும். ஆனால் துறை வேறெங்கும் சொல்லாத தேதியும் தொகையும் அந்தத் தாளில் இருக்கும். எங்கள் பகுதி மக்கள் குழு ஒன்று மூன்று வருடப் பதில்களை அச்செடுத்து வரிசையாக ஒட்டி வைத்திருந்தது. ஒவ்வொரு வருடமும் 'அடுத்த ஆண்டு தொடங்கும்' என்ற வரி. அந்த மூன்று தாளையும் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது யாராலும் மழுப்ப முடியவில்லை.

செல்வகுமார், வாக்கு இல்லாவிட்டாலும் செனட்டருக்கு எழுதலாம். யாரும் எழுதலாம், குடியுரிமைகூட வேண்டாம். நீளமாக வேண்டாம். என்ன நடந்தது, எந்தத் தேதி, துறை என்ன பதில் அனுப்பியது, இவ்வளவு போதும். எதிர்க்கட்சி செனட்டருக்கு அமைச்சரவைக் கோப்பு கிடைக்காது, அதிகாரிகளும் குறைவு. நீங்கள் அனுப்பும் உண்மையான தகவல்தான் அவருக்குக் கையிருப்பு.

---

செல்வகுமார், கார்க்:

தேவி அக்கா, அந்த மூன்று தாள் விஷயம் எனக்கு உறைத்தது. என் வீட்டு ஈரப்பதப் பிரச்சினையில் நான் போனில் பேசியதோடு சரி, எதையும் எழுத்தில் வாங்கவில்லை. இன்றிரவு தேதிகளைத் தொகுக்கிறேன். ஸ்கெஃபிங்டன் பேச்சையும் தேடிப் படிக்கிறேன் அண்ணா.

---

மல்லிகா, டப்ளின்:

எல்லோருக்கும் நன்றி. இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன், காரணம் உண்டு.

ராஜன் அண்ணா எழுதியதைப் பார்த்து, டீச்சருக்கு நேற்று அந்த வார செனட்டை விட்டுவிட்டு, ஸ்கெஃபிங்டன் 1950-களில் பேசியதைத் தேடி எடுத்து வாசித்தேன். பெயரைச் சொன்னதுமே கண்ணைத் திறந்துவிட்டார். நான் வாசித்து முடிக்கும் வரை பேசவில்லை. தேநீர் ஆறிப்போனது.

பிறகு சொன்னார். அவர் 1959-இல் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் தலைமை ஆசிரியை வகுப்பறைச் சாவியோடு ஒரு தோல் பட்டையையும் கையில் கொடுத்தார். மேசையின் மேல் இழுப்பறையில் அது இருக்க வேண்டும், பிள்ளைகள் கண்ணில் படுகிற மாதிரி. முதல் வருடம் டீச்சரும் அதைப் பயன்படுத்தினார். கூட்டல் தெரியாத ஒரு பையனை அடித்திருக்கிறார். அவன் பெயரை இன்னும் நினைவில் வைத்திருக்கிறார், என்னிடமும் சொன்னார், இங்கே எழுதவில்லை. இரண்டாவது வருடம் ஒரு தோழி, டப்ளினில் யாரோ செனட்டில் பேசியதாகச் சொல்லி, பதிவேட்டிலிருந்து கையால் எழுதி எடுத்த இரண்டு பக்கத்தைக் கொடுத்தாளாம். பாடம் தெரியாததற்கு அடிக்கக் கூடாது என்று ஒரு விதி இருப்பதே அப்போதுதான் இவருக்குத் தெரியும். பட்டையை எடுத்துக் கொட்டகையில் நிலக்கரி வாளிக்கு அடியில் போட்டுவிட்டார். தடை வர இன்னும் இருபது வருடத்துக்கு மேல் இருந்தது.

'அந்த செனட்டர் அன்றைக்குத் தோற்றுத்தான் போனார் இல்லையா?' என்று கேட்டேன். 'என் வகுப்பில் தோற்கவில்லை' என்றார்.

இன்றைக்கு வேலைக்கு வந்ததும், விட்டுப்போன வாரத்தை எடுக்கச் சொன்னார். குழு நிலை விவாதம், பதினோரு திருத்தங்கள், நாலாவதில் நிறுத்தியிருக்கிறோம். அமைச்சர் 'பரிசீலிக்கிறேன்' என்று ஒரு வார்த்தை விட்டிருக்கிறார். தேதியோடு குறித்து வைக்கச் சொல்லி, என் கையில் ஒரு பழைய பள்ளி நோட்டைக் கொடுத்திருக்கிறார்.